சொல்தா வீட்டு வால்வுப் பெட்டி

உறுவையாறு கிராமத்தில் கரும்புக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எதுவும் நின்றுபோனால் தேவநாதனைத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வேண்டும்; அவர் பேச்சும் சத்தமாகத்தான் இருக்கும். திருபுவனைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தேழு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லில் வேலை பார்த்தவர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள், அது பழக்கதோஷம் என்று ஊரும் நினைத்தது, அவரும் நினைத்தார்.

மில்லில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நூல் நூற்கும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒன்றாகச் சுற்றும் இரைச்சலுக்கு நடுவே மெதுவாக நடந்து போவார். ஒரு இடத்தில் நிற்பார். "இதோ, இதுல பேரிங் போயிகினு இருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் தேய்ந்திருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. புதிதாக வரும் சூப்பர்வைசர்களிடம், "மீட்டர்லாம் அப்பறம் பாருங்க சார், மொதல்ல தேவநாதனக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க" என்று ஃபிட்டர்களே சொல்லுவார்கள். மில்லை மூடி அவரை ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தப் பெயர் ஒன்றைத்தான் அவர் கையோடு கொண்டுவந்ததாக நினைத்தார். மனைவி செல்வகுமாரி பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் துணி சலவைப் பிரிவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே மகள் தென்றலை பாகூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. இருந்த ஒரு காணியும் குத்தகையில் இருந்தது. பகலெல்லாம் வீட்டில் அவர் ஒருவர்தான்.

வில்லியனூரில் சவரிநாதன் என்று ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை இந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அதனால் அது சொல்தா வீடு. மில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு லீவு நாளில் அந்த வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கப் போன இடத்தில்தான் தேவநாதன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். சவரிநாதன் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டை ஒலியாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கன்வெர்ட்டர். அந்த வேலையைச் செய்ய இப்போது விரல் நகத்தளவு சில்லு போதும். இந்தப் பெட்டியிலோ, கடைசிக் கட்டத்தில் பழைய ரேடியோவில் இருந்ததுபோல இரண்டு கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன.

"ஒக்காரு, வேலைய அப்பறம் பாக்கலாம்" என்று சொல்தா ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார். நாதஸ்வரமும் தவிலும் தேவநாதனுக்குப் புதிதல்ல. ஆனால் பின்னால் ஒருவர் உட்கார்ந்து தட்டும் தாளம் இருக்கிறதே, அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணங்களின் ஓசை, அது தனியாக ஒரு மூலையிலிருந்து வந்தது. தட்டியதும் எழும்பி, இழையாக மெலிந்து, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. அன்று வீட்டுக்கு வந்து செல்வகுமாரியிடம், "தாளம் போடறவன் கையே தெரியுது குமாரி" என்றார். அவள் சிரித்தாள்.

சொல்தா இறந்து மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி ரோசம்மாள் ஆளனுப்பினாள்.

"எடுத்துகினு போ தேவநாதா. எனக்கு இத்த போடவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. பையன் பாரீசுல இருந்துகினு வித்துடுன்றான். விக்க மனசு இல்ல."

"இன்னா தரணும்னு சொல்லுங்கம்மா."

"ஒண்ணும் வாணாம். ஒரு நாளு வந்து ஒக்காந்து கேக்கறன். அவரு காலைல போடுவாரே, அந்த வயலினு, அத்தப் போட்டுக் காட்டு. அது போதும்."

பெட்டியையும் பாட்டுகள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கையும் போர்வையில் சுற்றி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரோடும் தானே கட்டிய ஆம்ப்ளிஃபயரோடும் இணைத்தார். அதே நாதஸ்வரத்தைப் போட்டார். நாதஸ்வரம் வந்தது, தவில் வந்தது. தாளம் வரவில்லை.

மூன்று முறை போட்டார். ஒயரைக் கழற்றி மாட்டினார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தார். போர்வை போர்த்திய மாதிரி இருந்தது. அவர் யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் ஓடிய பெட்டி. வால்வுக்கும் ஆயுள் உண்டு, கன்டென்சருக்கும் ஆயுள் உண்டு. சொல்தா வீட்டில் அன்று கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் இடையில் வயதானது பெட்டிதான். வேறு ஒன்றுக்கும் வயதாகியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நெல்லித்தோப்பில் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்யும் தமிழ்க்குமரனிடம் பெட்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போனார். அவன் வால்வு இரண்டையும் டெஸ்டரில் மாட்டிப் பார்த்தான். திரையில் அலையைப் போட்டுப் பார்த்தான்.

"மெஷினு சுத்தமா இருக்குண்ணா. வால்வுக்கு இன்னும் நாளு இருக்கு. உங்க ஊரு கரண்டு ஏறி எறங்குது பாருங்க, அதுக்கு நல்லதா ஒரு ஸ்டெபிலைசர் மட்டும் வையுங்க. மத்ததத் தொடாதீங்க."

"அப்ப தாளம் ஏன் கேக்கல?"

தமிழ்க்குமரன் அந்த நாதஸ்வரத்தைத் தன் கடையில் போட்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கேக்குதேண்ணா" என்றான். கடை ரோட்டோரம் இருந்தது. பஸ் சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லை என்று தேவநாதன் நினைத்துக்கொண்டார். பொடியன், வேலை பார்க்காமல் பெட்டியைத் திருப்பி அனுப்பினால் போதும் என்று சொல்கிறான் என்றும் நினைத்துக்கொண்டார்.

ஸ்டெபிலைசர் வைத்தும் தாளம் வரவில்லை. அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை பிடித்துக்கொண்டது. வால்வை மாற்றுவதா, வெளியே சத்தம் போகும் வழியில் இருக்கிற பெரிய கன்டென்சர்களை மாற்றுவதா, இல்லை எண்களை வாங்குகிற போர்டையே புதிதாகப் போடுவதா? பகலெல்லாம் செல்போனில் இதே தேடல். உலகத்தில் இந்தப் பெட்டியை வைத்திருக்கிற அத்தனை பேரும் எதையாவது மாற்றியிருந்தார்கள். மாற்றியதும் திரை விலகியது என்று ஒருவர், ஜன்னலைத் திறந்தது போல் இருந்தது என்று ஒருவர். தனக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது, அவர்கள் அதிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள் என்று தேவநாதன் நம்பினார்.

வால்விலிருந்து தொடங்கலாம் என்று தீர்மானித்தார். சென்னையில் ஒருவரிடம் பழைய ஜோடியைக் கொடுத்துவிட்டு, துல்லியமாகப் பேசும் என்று பெயரெடுத்த ரஷ்ய ஜோடி ஒன்றை மாற்றி வாங்கினார். தமிழ்க்குமரன் போனில் கேட்டுவிட்டு அலறினான்.

"பழசு ஏண்ணா குடுத்தீங்க? ஒண்ண மாத்துனா பத்து நாளு கேக்கணும். திருப்பிப் பழசப் போட்டுக் கேக்கணும். அப்பவும் வித்தியாசம் தெரிஞ்சாத்தான் அடுத்தது. வூட்ல அண்ணி இருக்காங்க இல்ல, அவங்களயும் கேக்க வையுங்க. ஒரு காத மட்டும் நம்பாதீங்கண்ணா."

"இந்தக் காத வெச்சி ஒரு மில்ல ஓட்டனவன்டா நானு" என்றார் தேவநாதன்.

புது வால்வில், சத்தத்தைக் கூட்டி வைத்தால், தாளம் ஏதோ தூரத்தில் அசைவது போல இருந்தது. அந்த 'போல'தான் அவரைக் கெடுத்தது. வழி சரி, இன்னும் போக வேண்டும் என்று பட்டது. பெரிய கன்டென்சர்களை மாற்றினார். கழற்றியவற்றைக் கால் ஒட்ட வெட்டி எடுத்ததால் திரும்ப மாட்ட முடியாது; பழைய சாமானோடு சேர்த்துப் போட்டார். பிறகு ஒருநாள் யாரோ எழுதியிருந்ததைப் படித்தார். வால்வுக்கு முன்னால் இரண்டு பொடிக் கன்டென்சர்கள் இருக்கின்றன, அவைதான் மேல் சத்தத்தை வடிகட்டி அமுக்குகின்றன, எடுத்துவிட்டால் எல்லாம் திறந்துகொள்ளும். தமிழ்க்குமரன், "அது வடிகட்றதுக்குத்தான் வெச்சிருக்கான், அத நான் பண்ண மாட்டன்" என்று சொல்லிவிட்டான். தேவநாதன் தானே உட்கார்ந்தார். மில் காலத்துச் சால்டரிங் கோல் இந்தச் சின்ன வேலைக்குச் சூடு அதிகம். கன்டென்சரோடு போர்டிலிருந்த செப்புத் தடமும் பட்டையாக உரிந்து வந்தது. மெல்லிய ஒயர் ஒன்றைக் குறுக்கே வைத்து ஒட்டினார். எடுத்த பொடிகள் எங்கே உருண்டன என்று தேடவில்லை. அவற்றின் மேல் என்ன அளவு எழுதியிருந்தது என்று பார்க்கவும் இல்லை.

அன்று சாயங்காலம், ஆம்ப்ளிஃபயரில் மேல் சத்தத்துக்கான குமிழை முழுக்கத் திருகி வைத்தபின், அவருக்குத் தாளம் கேட்டது. மங்கலாகத்தான். ஆனால் தட்டு தட்டாகக் கேட்டது. வேலை முடிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த செல்வகுமாரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இன்னா, எப்டி இருக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மில் மூடியபிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

"நல்லாருக்குங்க" என்றாள்.

"முன்னைக்கி இப்ப?"

"இப்பத்தான் நல்லாருக்கு."

அதற்குப் பிறகு அவர் பாட்டுப் போடும் நேரங்களில் செல்வகுமாரிக்கு வெளியே ஏதாவது வேலை இருந்தது. துணி காயப்போடுவாள். பக்கத்து வீட்டுத் தையலம்மாளோடு பேசப் போவாள். பொங்கலுக்கு வந்த தென்றல், பிள்ளை தூங்கவில்லை என்று ஒரே நாளில் பாகூருக்குக் கிளம்பினாள். தேவநாதனுக்கு இதில் எதுவும் உறுத்தவில்லை. அடுத்து அந்தப் போர்டையும் மாற்றிவிட்டால் தாளம் பழையபடி தெளிந்துவிடும் என்று அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

போர்டு மாற்றுவதற்கு முன்பே ரோசம்மாள் வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைப் புடவையோடு, ஆட்டோ பிடித்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். தேவநாதன் அவளுக்கு நல்ல நாற்காலியைப் போட்டார். சொல்தா காலையில் போடுகிற வயலினைத் தேடி எடுத்துப் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

வயலின் ஆரம்பித்தது. அவள் தோள் தூக்கிப்போட்டதை தேவநாதன் பார்த்தார். பாட்டில் மனசு கரைகிறது என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு காதைப் பொத்தினாள். பிறகு இரண்டையும்.

"நிறுத்துப்பா" என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. செல்வகுமாரி போய் நிறுத்தினாள்.

"இது அவரு பெட்டியே இல்லியே தேவநாதா. தகரத்த தரையில இழுக்கற மாதிரி கீறுது. இன்னா பண்ண?"

"எல்லாம் புதுசு மாத்தியிருக்கன்மா. இப்பத்தான் நல்லா கேக்குது. குமாரியக் கேளுங்க."

ரோசம்மாள் செல்வகுமாரியைப் பார்த்தாள். செல்வகுமாரி சுவரைப் பார்த்தாள். ரோசம்மாள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "நான் வரேன்பா" என்று எழுந்தாள். அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த செல்வகுமாரியிடம் தேவநாதன் கேட்டார்.

"அந்தம்மா சொல்றது நெசமா?"

அவள் ரோசம்மாள் உட்கார்ந்த நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தப் போனாள்.

"கேக்கறன் இல்ல?"

"நெசந்தாங்க. காதுல ஊசி குத்தற மாதிரிதான் இருக்கு. ரெண்டு மாசமா."

"நீதான நல்லாருக்குன்ன?"

"வேற இன்னா சொல்லச் சொல்றீங்க? மூணு வருசமா மூலையில ஒக்காந்துகினு இருந்தீங்க. இதுல கைய வெச்சப்பறந்தான் ஒழுங்கா சோறே துன்னீங்க. அத்தப் போயி நான் கெடுப்பனா?" என்றாள். பிறகு, அதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னாள். "குக்கர் விசில் அடிச்சா உங்களுக்குத் தெரியல. போன் அடிச்சாத் தெரியல. ஆஸ்பத்திரில காமிக்கலாம் வாங்க."

வியாழக்கிழமை அவள் ஷிஃப்ட்டோடு அவரும் பிள்ளையார்குப்பம் போனார். ஸ்டெல்லா என்கிற, அவர் மகள் வயதுப் பெண் ஒருத்தி அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். தொடக்கத்தில் அழுத்தினார். பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து அவளைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல்கள் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தன.

வெளியே வந்ததும் காகிதத்தைக் காட்டினாள். காதுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள். இடது பக்கத்தில் ஒழுங்காக நடந்து வந்து, பாதிக்கு மேல் கிணற்றில் விழுந்ததுபோல் கீழே போயிருந்தன. அவள் அவரை நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"பேச்சு கேக்கும், ஆனா தெளிவா இருக்காது. குருவி சத்தம், விசில், மணி இதெல்லாம் கேக்கறது கஷ்டம். இது ஒரே நாள்ல வந்தது இல்லங்கய்யா. மில்லுல இருந்தீங்களா? காதுல ஏதாவது வெச்சிப்பீங்களா?"

"பஞ்சு குடுப்பாங்க. நான் வெச்சிக்க மாட்டன்."

"ஏன்?"

"பஞ்சு வெச்சா பேரிங் சத்தம் கேக்காதும்மா."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். போனது திரும்பாது, காது மெஷின் வைத்தால் பேச்சுக்கு உதவும், பாட்டுக்கு அவ்வளவாக உதவாது என்று சொன்னாள். தேவநாதன் தலையாட்டினார். காது போனது ஒரு பக்கம். நன்றாக இருந்த ஒன்றை, எந்தப் பழுதும் இல்லாத ஒன்றை, தன் கையாலேயே குடைந்து கெடுத்திருக்கிறோம் என்பதுதான் அவரை அறுத்தது. கணவன் போன வீட்டில் மிச்சமிருந்த ஒரே சத்தத்தை நம்பிக் கையில் கொடுத்தாள் அந்தம்மா.

மறுநாளே நெல்லித்தோப்புக்குப் போய்ப் பெட்டியைத் தமிழ்க்குமரன் முன்னால் வைத்தார். "பழையபடி ஆக்கிக் குடுடா" என்றார். அவன் மூடியைத் திறந்து உரிந்த தடத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். திட்டவில்லை. அவன் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

சென்னைக்காரரிடம் கேட்டார்கள், அந்த வால்வு ஜோடி எப்போதோ கைமாறிவிட்டது. பொடிக் கன்டென்சரின் அளவு பெட்டி செய்த கம்பெனியின் வரைபடத்திலும் கிடைக்கவில்லை. தமிழ்க்குமரன் கணக்குப் போட்டு ஒன்றை வைத்தான். அதே ரகத்தில் வேறு வால்வு, அதே ரகத்தில் வேறு கன்டென்சர். உரிந்த இடத்தைத் தன்னால் முடிந்தவரை சுத்தமாகக் கட்டினான். "அளவுல சரியா இருக்குண்ணா. ஆனா அதே சத்தமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டன். பழசக் கேட்டுப் பழகினவங்கதான் சொல்லணும்."

சொல்தா வீட்டில் அந்தப் பழைய சத்தத்தைக் கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் கல்லறையில் இருந்தார். ஒருவருக்குக் காது இல்லை.

வீட்டில் வைத்து வயலினைப் போட்டார். அவருக்கு முன்புபோலவே போர்வை போர்த்திய மாதிரிதான் இருந்தது. அது நல்ல சத்தத்தின் மேல் விழுந்த போர்வையா, கெட்ட சத்தத்தின் மேல் விழுந்ததா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழியும் இல்லை. செல்வகுமாரி நாற்காலியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டாள்.

"நல்லாருக்குங்க. சத்தியமா."

அவர் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் இப்படித்தான் சொன்னாள், இதே குரலில். அவளுக்கும் அது புரிந்தது. "தென்றல் மேல ஆணையா சொல்றன், இப்பக் குத்தல" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். நம்பினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் பெட்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் போர்வையில் சுற்றி வில்லியனூருக்குக் கொண்டுபோனார். சொல்தாவின் கம்ப்யூட்டரும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் அங்கேயே துணி போர்த்திக் கிடந்தன. மாட்டினார். எந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும், எதை அழுத்தினால் நிற்கும் என்று ரோசம்மாளுக்கு நான்கு முறை காட்டிக் கொடுத்தார், பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதியும் ஒட்டினார். பிறகு வயலினைப் போட்டுவிட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு இனி அவள் முகம்தான் மீட்டர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோள் தூக்கிப்போடவில்லை. காதைப் பொத்தவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. சத்தம் திரும்பி வந்துவிட்டதால் வந்த தண்ணீரா, வராமலே போய்விட்டதால் வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்து வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"பரவால்லப்பா" என்றாள். "பரவால்ல. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

"அவரு இருந்தப்ப இருந்த மாதிரியே இருக்காம்மா?"

அவள் ஏதோ சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள். நான்கைந்து வார்த்தைகள் இருக்கும். அவருக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்க நினைத்தார், கேட்கவில்லை. அவள் காபி போட எழுந்து போனாள். குடித்துவிட்டு, போர்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மெஷினை இப்போது மாட்டிக்கொள்கிறார். மோட்டார் வேலைக்குக் கூப்பிட்டால் போகிறார், ஆனால் பேரிங்கைப் பற்றி வாயால் எதுவும் சொல்வதில்லை. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். வீட்டில் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் செல்வகுமாரி துணி மடித்து வைக்கிறாள். தன் வாய் அவருக்குத் தெரிகிறபடி நேராக நின்று பேசுகிறாள். எது எப்படி இருக்கிறது என்று அவர் அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். குழம்பில் உப்பு சரியா என்றுகூடக் கேட்பதில்லை. ரோசம்மாள் அந்தப் பெட்டியைத் தினமும் போடுகிறாளா, ஒருநாளும் போடவில்லையா என்பதை அவர் விசாரிக்கவே இல்லை. வில்லியனூருக்குப் போகவேண்டி வந்தால், அவள் வீடு இருக்கிற மாதா கோவில் தெருவை விட்டு இரண்டு தெரு தள்ளிச் சுற்றிக்கொண்டு போகிறார்.